திருச்சி டு லண்டன் 8,320 கி.மீ... டிக்கெட்டில் மட்டும் ஏன் இத்தனை மணி நேரம்?

முதல்ல ஒரு சின்னப் புதிர். திருச்சி விமான நிலையத்திலிருந்து காலை 10 மணிக்கு ரெண்டு விமானங்கள் கிளம்புதுன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு கிழக்கே சிங்கப்பூருக்கு, இன்னொண்ணு மேற்கே துபாய்க்கு. சிங்கப்பூர் விமானம் தரையிறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரத்தில் மாலை 4.40. துபாய் விமானம் இறங்கும்போது அங்கே மதியம் 12.40. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால், சிங்கப்பூர் எங்கேயோ இருக்கு, துபாய் ஏதோ பக்கத்து ஊர்னு தோணும். உண்மையில் எது தூரம்?

ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். விமான நிலையங்களின் அட்ச, தீர்க்க ரேகைகளை வைத்து, பூமியின் வளைவை ஒட்டிக் கணக்குப் போட்டால் திருச்சி - சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ. திருச்சி - துபாய் சுமார் 2,940 கி.மீ. வித்தியாசம் 40 கி.மீ. திருச்சியிலிருந்து முசிறிக்கு பஸ்ஸில் போற தூரம், அவ்வளவுதான். பறக்கும் நேரமும் ரெண்டுக்கும் ஏறக்குறைய நாலு மணி பத்து நிமிஷம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுது. புதிர் முடிஞ்சது.

ஆனா இந்தக் கணக்கில் சுவாரஸ்யமான இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. உலகத்தின் ரெண்டு பெரிய விமானச் சந்திப்புகளுக்கு நடுவில், ஏறக்குறைய சரிபாதி தூரத்தில் உட்கார்ந்திருக்கு நம்ம திருச்சி. மலைக்கோட்டை உச்சியில் நின்று ஒரு கையை கிழக்கே நீட்டினா சிங்கப்பூர், இன்னொரு கையை மேற்கே நீட்டினா துபாய். வேற எந்த நாட்டிலாவது இப்படி ஒரு ஊர் இருந்தா இதை வைத்தே பெரிய வியாபாரம் பண்ணியிருப்பாங்க. இங்கே கிழக்குக் கதவு அகலமா திறந்திருக்கு. மேற்குக் கதவு பாதிதான் திறந்திருக்கு. அந்தப் பாதிக் கதவுக்கான விலையை டிக்கெட்டில் மணி நேரமா கட்டறது திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர்க்காரங்க.

லண்டனுக்கு ஒரு கணக்கு

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டை நினைச்சுக்கோங்க. சித்திரை வீதியோ உத்தர வீதியோ, எதுவா வேணா இருக்கட்டும். பொண்ணு லண்டனில் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்கு அம்மா போகணும். அம்மாவுக்கு அறுபது தாண்டியாச்சு, முழங்கால் வலி, முதல் வெளிநாட்டுப் பயணம். போனில் டிக்கெட் தேடறது பொண்ணோட தம்பி, அதாவது நீங்க.

திருச்சியிலிருந்து ஹீத்ரோவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 8,320 கி.மீ. நேரடி விமானம் இருந்தால் பதினோரு மணி நேரத்துக்குள் போயிடலாம். ஆனா அப்படி ஒரு விமானம் கிடையாது. சரி, எங்காவது மாறிப் போகணும். எங்கே மாறலாம்?

கொழும்பு வழியா பாருங்க. முதலில் தெற்கே 420 கி.மீ. போய், அங்கிருந்து லண்டனுக்கு 8,710 கி.மீ. மொத்தம் 9,130. நேர் வழியைவிட 800 கி.மீ. கூடுதல். இதில் வேடிக்கை என்னன்னா, மேற்கு வடமேற்கா போக வேண்டியவங்க முதல் ஒரு மணி நேரம் தெற்கே போறாங்க. போன வழியை மறுபடி திரும்பி வர்ற மாதிரி.

சிங்கப்பூர் வழி? சிரிக்காதீங்க, டிக்கெட் ஆப்கள் இதையும் காட்டும். திருச்சிக்கு வரும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அதனால் ஒரே டிக்கெட்டில் இணைப்பு போட அவங்களுக்கு சுலபம். தூரம்? 2,980 கிழக்கே போய், அங்கிருந்து 10,880 மேற்கே திரும்பி, மொத்தம் 13,860 கி.மீ. நேர் வழியைவிட ஐயாயிரத்து ஐந்நூறு கி.மீ.க்கு மேல் அதிகம். விமானத்துக்குள் மட்டுமே பதினெட்டு மணி நேரம். சாங்கியில் காத்திருக்கும் நேரம் தனி.

சென்னை வழி சுமார் 8,530. கேட்க நல்லா இருக்கு. ஆனா திருச்சி - சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்கப் போய், எழும்பூரில் விடியற்காலை இறங்கி, மீனம்பாக்கம் போய், மூணு மணி நேரம் முன்னாடி வரிசையில் நின்னு... தூரம் குறைவு, பொழுது அதிகம்.

இப்போ துபாய் வழி. 2,940 கூட்டல் 5,500. மொத்தம் 8,440 கி.மீ. நேர் வழியைவிட 120 கி.மீ. அளவுக்குத்தான் அதிகம். உலக உருண்டையில் திருச்சிக்கும் லண்டனுக்கும் நூல் பிடிச்சா, துபாய் வழியா இழுத்தாலும் அந்த நூலின் நீளம் கொஞ்சம்தான் கூடும். நாலு மணி பத்து நிமிஷம், ரெண்டு மணி நேர இடைவெளி, அப்புறம் ஏழே முக்கால் மணி நேரம். பதினாலு மணி நேரத்தில் அம்மா லண்டனில் இருப்பாங்க.

காகிதத்தில் இதுதான் சிறந்த வழி. திருச்சியிலிருந்து ஒரே டிக்கெட்டில், பெட்டியை ஒரே தடவை போட்டுவிட்டு, இப்படிப் போறதுதான் கஷ்டம். திருச்சியிலிருந்து துபாய்க்கு விமானம் இருக்கு. துபாயிலிருந்து லண்டனுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ விமானங்கள் இருக்கு. ஆனா முதல் விமானத்தை ஓட்டறது இந்திய நிறுவனம், ரெண்டாவதை ஓட்டறது எமிரேட்ஸ். ரெண்டையும் தனித்தனி டிக்கெட்டா எடுத்தால், துபாயில் அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரணும். அதுக்கு விசா கேள்வி. அப்புறம் வேற டெர்மினல், மறுபடி செக்-இன். முதல் விமானம் மூணு மணி நேரம் தாமதமானால் ரெண்டாவது டிக்கெட் போச்சு, யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. முழங்கால் வலி அம்மாவைத் தனியா இப்படி அனுப்ப எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

எமிரேட்ஸே திருச்சிக்கு வந்தா இந்தச் சிக்கல் இல்லை. ஏன் வரலை?

18 ஊர்ப் பட்டியல்

"ரன்வே சின்னது, அதான் வரலை" என்பது திருச்சியில் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கிடைக்கும் பதில். இது பாதி உண்மைகூட இல்லை. துபாய், ஷார்ஜா விமானங்கள் இப்போதே இதே ரன்வேயிலிருந்துதான் கிளம்புது. அதே அளவு விமானத்தை ஒரு வளைகுடா நிறுவனம் ஓட்ட ரன்வே தடையே இல்லை. தடை வேற இடத்தில் இருக்கு.

ஒரு நாட்டின் வானத்துக்குள் இன்னொரு நாட்டின் பயணிகள் விமானம் அட்டவணை போட்டு வரணும்னா அந்த நாட்டின் அனுமதி வேணும். 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உலக ஒப்பந்தத்தின் விதி இது. அதனால் ஒவ்வொரு நாடும் இன்னொரு நாட்டோடு தனித்தனியா உட்கார்ந்து பேசும். வாரத்துக்கு எத்தனை சீட், எந்தெந்த ஊர் என்று எழுதிக்கொள்ளும். அந்த ஊர்ப் பட்டியலில் பேர் இருந்தால்தான் வெளிநாட்டு நிறுவனம் அந்த ஊரில் இறங்க முடியும். பேர் இல்லையா, ரன்வே அஞ்சு கிலோமீட்டர் இருந்தாலும் வர முடியாது.

கிழக்கே நமக்கு அதிர்ஷ்டம் அடிச்சது. 2000-களின் தொடக்கத்தில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு உறவை வளர்க்க இந்தியா ஒரு சலுகை கொடுத்தது. சுற்றுலா முக்கியத்துவம் உள்ள 18 இந்திய ஊர்களுக்கு ஆசியான் நாட்டு விமானங்கள் சீட் கட்டுப்பாடு இல்லாமல் வரலாம். கயா, வாரணாசி, கஜுராஹோ, கொச்சி, போர்ட் பிளேர் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் திருச்சிராப்பள்ளியும் இருக்கு. சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் இங்கே போட்டி போட்டுக்கொண்டு வந்ததும், 2023-ல் வியட்நாமின் வியட்ஜெட் ஹோசிமின் நகரத்திலிருந்து திருச்சிக்கு நேரடியா பறக்க ஆரம்பிச்சதும் அந்தக் கதவு வழியாத்தான். ஒரு காலத்தில் கப்பலில் நாள்கணக்கா போன பாதை இது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1984-ல் தீப்பிடிச்சதோட அந்தக் கதை முடிஞ்சது. இன்னிக்கு பட்டுக்கோட்டைப் பையன் காலையில் கிளம்பினா ராத்திரி சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட உட்கார்ந்துடறான்.

மேற்கே இந்த மாதிரி சலுகை கிடையாது. துபாயோடு இந்தியா போட்ட ஒப்பந்தத்தில் வாரத்துக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 66,000 சீட். அதுவும் குறிப்பிட்ட ஊர்களுக்கு மட்டும். எமிரேட்ஸ் இந்தியாவில் 9 நகரங்களுக்குப் பறக்குது. கேரளாவில் மட்டும் கொச்சி, திருவனந்தபுரம்னு ரெண்டு. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். திருச்சி பட்டியலில் இல்லை.

ஏன் கூடுதல் ஊர் கொடுக்க மறுக்கிறாங்க? அரசுத் தரப்பிலும் இந்திய விமான நிறுவனங்கள் தரப்பிலும் சொல்ற காரணம் இது: வளைகுடா நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து ஏத்திக்கொண்டு போற பயணிகளில் நிறைய பேர் துபாய்க்குப் போறவங்க இல்லை. அங்கே மாறி ஐரோப்பா, அமெரிக்கா போறவங்க. அந்த வருமானம் நம்ம நிறுவனங்களுக்கு வரணும், டெல்லியும் மும்பையும் துபாய் மாதிரி சந்திப்பு மையங்களா வளரணும், அதனால் கதவை அகலமா திறக்கக் கூடாது.

இந்த வாதத்தில் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சொந்த வானத்தை இன்னொருத்தர் வியாபாரத்துக்கு முழுசா விட்டுக்கொடுத்த பிறகு நம்ம நிறுவனங்கள் வளரலையேன்னு புலம்ப முடியாது. மும்பையிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு 2025 ஜூலையில் இண்டிகோ நேரடி விமானம் விட்டது இந்தக் கொள்கையின் பலன்களில் ஒன்று. ஆனா இந்தக் கொள்கைக்கான செலவை யார் கட்டறாங்க என்பதுதான் கேள்வி. டெல்லிக்காரர் கட்டலை, அவர் ஊரிலிருந்தே லண்டன் விமானம் இருக்கு. திருச்சிக்காரர் கட்டறார், பணமா இல்லாட்டியும் பொழுதா.

டெல்லி வழியா போகட்டுமேன்னு கேட்கலாம். கணக்கில் அது மோசமில்லை. 1,985 கூட்டல் 6,730, மொத்தம் சுமார் 8,715 கி.மீ. கொழும்பு வழியைவிடக் குறைவு. ஆனா அந்த 6,730 என்பது பாகிஸ்தான் வானத்தைக் கடந்து போகும் நேர்க்கோடு. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது பாகிஸ்தான். அதன் பிறகு மாதாமாதம் தடையை நீட்டிச்சாங்க. அப்போ டெல்லியிலிருந்து மேற்கே போற இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக்கடல் பக்கமா சுத்திப் போக வேண்டியதாச்சு. அதாவது டெல்லியில் ஏறின திருச்சிக்காரர், தான் வந்த திசையிலேயே கொஞ்சம் திரும்பி வந்து, அப்புறம்தான் லண்டன் பக்கம் போவார்.

வளைகுடா வழி மட்டும் எப்பவும் பத்திரம்னு சொல்லவும் முடியாது. 2025 ஜூன் 23 அன்று ஈரான் ஏவுகணை பதற்றத்தில் கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடினது. தோஹாவில் மாற வேண்டிய ஆயிரக்கணக்கான பேர் நடுவழியில் நின்னாங்க. டிக்கெட்டில் போட்டிருக்கும் மணி நேரத்துக்கு வானம் உத்தரவாதம் கொடுக்கறதில்லை.

ஃப்ரீசர் பாக்ஸ் கணக்கு

பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கு நாலு மணி நேரம் கூடினா கால் வீங்கும், அவ்வளவுதான். எல்லாப் பயணமும் அப்படி இல்லை.

நம்ம பக்கத்துத் தெருக்களில் இதை எல்லாருமே பார்த்திருப்போம். வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே கண்ணாடி மூடிய ஃப்ரீசர் பாக்ஸ். வர்றவங்க எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, "புள்ளைக்குத் தகவல் சொல்லியாச்சா? எப்ப வர்றானாம்?" அந்த ரெண்டாவது கேள்விக்கான பதில்தான் விமானப் பயண நேரம். அதை வைத்துத்தான் ஊரே திட்டம் போடும். ஓயாமாரிக்கு எத்தனை மணிக்கு எடுக்கறது, பொழுது சாயறதுக்குள்ள முடியுமா, இல்லை இன்னொரு ராத்திரி வைக்கணுமா?

பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே, தவறினா மறுநாள் காலையில் வந்துடுவார். திருச்சியில் இறங்கி அரை மணியில் வீட்டு வாசல். துபாயில் இருந்தாலும் நேரடி விமானத்தில் சீட் கிடைச்சால் அப்படியே. லண்டனில் இருந்தால்? அங்கே ராத்திரி போன் வருது. காலை விமானத்தைப் பிடிச்சு, ஒரு இடத்தில் மாறி, சென்னையில் இறங்கி, அங்கிருந்து காரில் 330 கி.மீ. வந்தால் மறுநாளும் போய், அதற்கடுத்த நாள் ஆகிடும். கொச்சிப் பக்கத்துப் பிள்ளைக்கு இதே பயணம் ஒரே டிக்கெட்டில், ஒரே இடத்தில் மாறி, சொந்த ஊர் விமான நிலையத்திலேயே முடியுது. கொச்சிக்கும் திருச்சிக்கும் லண்டனிலிருந்து தூரத்தில் சொல்லிக்கொள்ளும்படியா வித்தியாசமே கிடையாது.

வளைகுடாவிலிருந்து நேரடி விமானம் இருக்கே, அப்புறம் என்ன குறைன்னு ஒரு கேள்வி வரலாம். அந்த வழித்தடத்தில் போட்டியே குறைவு. இந்திய நிறுவனங்கள் மட்டும் ஓட்டும்போது, பண்டிகை, கோடை விடுமுறை சமயத்தில் கடைசி நேர டிக்கெட் கிடைக்கறதும் கஷ்டம், விலையும் எகிறும். துக்கத்துக்கு வர்றவர் எடுக்கும் டிக்கெட் எப்பவுமே கடைசி நேர டிக்கெட்தான்.

கோபுரம் மாதிரி டெர்மினல், அதே பழைய ரன்வே

சரி, ரன்வே விஷயத்துக்கு வருவோம். அதில் விஷயமே இல்லைன்னு சொல்லலை.

2024 ஜனவரி 2 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்த புது டெர்மினலை நிறைய பேர் ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. ஸ்ரீரங்கம் கோயில் கோபுரத்தை நினைவுபடுத்தும் முகப்பு, கோலம் மாதிரி வண்ணங்கள். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்து போகலாம், நெரிசல் நேரத்தில் 3,500 பேரைச் சமாளிக்கும். அதே வருஷம் ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. உண்மையிலேயே அழகு. பழைய டெர்மினலில் வழியனுப்ப வந்த கூட்டத்தில் நசுங்கினவங்களுக்கு அருமை தெரியும்.

ஆனா டெர்மினலுக்குப் பின்னால் இருக்கும் ஓடுபாதை அதே 8,136 அடிதான், சுமார் 2,480 மீட்டர். கொச்சியில் 3,400 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,650 மீட்டருக்கு மேல். நீட்டிக்கும் திட்டம் பல வருஷமா நிலம் கையகப்படுத்துவதில் சுத்திக்கொண்டு நிற்குது. தனியார் நிலம், ராணுவ நிலம், இழப்பீடு என்று ஒவ்வொன்றா வந்துகொண்டே இருக்கும்.

ஓடுபாதை நீளத்துக்கும் பயண தூரத்துக்கும் என்ன சம்பந்தம்? தூரமா போகணும்னா எரிபொருள் நிறைய வேணும். எரிபொருள் கூடினா எடை கூடும். எடை கூடினா மேலே எழும்ப வேகமும், அந்த வேகம் எடுக்க நீளமான பாதையும் வேணும். இதோட திருச்சி வெயிலையும் சேர்த்துக்கோங்க. சூடான காற்று அடர்த்தி குறைஞ்சது, இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும். மே மாதம் 40 டிகிரியில் மதியம் ஒரு பெரிய விமானத்தை முழு டேங்க், முழு ஆளோட லண்டனுக்குக் கிளப்ப இந்த நீளம் போதாது. நாலு மணி நேர சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போதும். அதனால்தான் இந்த ஊரின் நேரடிப் பயணங்கள் எல்லாம் குறைந்த, நடுத்தர தூரத்துக்குள்ளேயே நிற்குது.

எடை எவ்வளவு முக்கியம்னு 2024 அக்டோபர் 11 சாயங்காலம் இந்த ஊரே பார்த்தது. திருச்சியிலிருந்து 141 பேரோட ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. திரும்பி இறங்கணும். ஆனா நாலு மணி நேரப் பயணத்துக்கான எரிபொருள் அப்படியே இருக்கு, அந்த எடையோட இறங்கறது ஆபத்து. அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதியும் கிடையாது. அதனால் திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் வட்டமடிச்சே எரிபொருளைத் தீர்த்தாங்க. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் கீழே காத்திருக்க, டி.வி. சேனல்கள் நேரலையில் ஓட, ராத்திரி எட்டேகாலுக்குப் பத்திரமா இறங்கியது. அன்றைய பயணத்தில் கடந்த தூரம் பூஜ்யம். எடுத்துக்கொண்ட நேரம் சுமார் இரண்டரை மணி. எரிபொருள் கணக்கு தெரிந்த விமானிகள் காட்டின நிதானத்துக்கு எத்தனை கைதட்டினாலும் தகும்.

காற்றும் கை கொடுக்கும்

டிக்கெட்டில் ஒரே வழிக்குப் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் போட்டிருக்கறதைக் கவனிச்சிருக்கீங்களா? அதுக்குக் காரணம் காற்று. வட இந்தியாவிலிருந்து லண்டன் போறவங்களுக்குக் குளிர்காலத்தில் எதிர்க்காற்று, திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். நம்ம பக்கம் கதையே வேற. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு ரொம்ப உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கா ஒரு வேகமான காற்றோட்டம் ஓடும். அதை 1950-களில் ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி கோட்டீஸ்வரம். அதன் மையம் விமானங்கள் வழக்கமா பறக்கும் உயரத்துக்கும் மேலேதான் இருக்கு. ஆனா அதன் கீழ் விளிம்பு படும்போது துபாய் போறவருக்கு லாபம், சிங்கப்பூர் போறவருக்கு நஷ்டம். சில நிமிஷங்கள்தான்.

இன்னொரு விஷயம், டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. கேட்டை விட்டு விமானம் நகர ஆரம்பிக்கறதிலிருந்து, அந்தப் பக்கம் கேட்டில் வந்து நிற்கற வரைக்கும். தாமதத்துக்குன்னு கொஞ்சம் கூட்டியும் போட்டிருப்பாங்க. "அரை மணி முன்னாடியே வந்துட்டோம்"னு பைலட் சொல்லும்போது பாதி நேரம் அந்தக் கூட்டல்தான் கழியுது.

அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது

எமிரேட்ஸுக்கோ ஃப்ளைதுபாய்க்கோ திருச்சி கிடைக்கும் வரை, அம்மா போயே ஆகணும். பிரசவ தேதி ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்காது. என் கணக்கில் இந்தப் பயணத்துக்கு மொத்த மணி நேரத்தைப் பார்க்கறதைவிட, எத்தனை தடவை பெட்டியைத் தூக்கணும் என்பதைப் பார்க்கறதுதான் சரி. கொழும்பு வழி 800 கி.மீ. சுத்துதான். ஆனா ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட், திருச்சியில் போட்ட பெட்டி ஹீத்ரோவில் வரும், நடுவில் இறங்கும் விமான நிலையத்தில் அறிவிப்புப் பலகையில் தமிழ் இருக்கும். முதல் தடவை தனியா போறவங்களுக்கு அந்தத் தமிழ் எழுத்து 800 கி.மீ.க்கும் மேலே பெறும். இடைவெளி மூணு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கோங்க. வீல்சேர் டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கிடுங்க, விமான நிலையத்தில் போய்க் கேட்டா அலைய விடுவாங்க.

தனித்தனி டிக்கெட்டில் நாலாயிரம் ரூபாய் மிச்சம்னு ஆப் காட்டினா, அது இருபத்தஞ்சு வயசுக்காரங்க முதுகில் பை மாட்டிக்கொண்டு போறதுக்கான டிக்கெட். நீங்க போங்க, அம்மாவை அனுப்பாதீங்க.

அப்புறம் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் நேரம். விமான நிலையம் 15 கி.மீ.க்குள்தான். ஆனா காவிரிப் பாலம், சத்திரம், பாலக்கரைன்னு எல்லா நெரிசலையும் தாண்டணும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் டிக்கெட் போட்டிருந்தா ஒரு மணி நேரம் கூடுதலா வச்சுக்கோங்க.

கடைசியா, தேடும்போது ஊர்க் குறியீட்டைச் சரியா தட்டுங்க. திருச்சிக்கு டி.ஆர்.இசட். அவசரத்தில் கடைசி எழுத்தை 'வி'ன்னு தட்டினா திருவனந்தபுரம் வரும், அழகா துபாய் வழி லண்டன் டிக்கெட்டும் காட்டும். அங்கிருந்து திருச்சிக்கு இன்டர்சிட்டி ரயில் இருக்கு, வந்து சேர பொழுது சாஞ்சிடும்.